வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்?

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே பெரிய சாலையை விட்டு இறங்கி, இருமருங்கிலும் கிளுவை வேலி அடைத்த இட்டேரி ஒன்றில் சிறிது தூரம் நடந்து பார்ப்பவர்கள், வண்டிச் சக்கரங்கள் பல காலமாக உருண்டு அரித்த இரு தடங்களுக்கு நடுவே, கல்லும் மண்ணும் கொழிஞ்சிச் செடியுமாக ஒரு வரப்பு நீண்டு கிடப்பதைக் காணலாம். மார்பளவு உயர்ந்த சக்கரங்களின் மத்தியில் அச்சைத் தாங்கிச் செல்லும் மாட்டு வண்டிக்கு அந்த வரப்பு ஒரு பொருட்டாவதில்லை. ஜீப் வகையைச் சேர்ந்த மோட்டார் வண்டியோ, அச்சின் நடுவில் தொங்கும் டிபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டி அந்த வரப்பில் உரச உரசத்தான் போகவேண்டியிருக்கிறது.

பனியன் கம்பெனி முதலாளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் மகேந்திராவின் 'தார்', மாருதியின் 'ஜிம்னி' முதலிய வண்டிகளை விரும்பி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வால்பாறைக்கும் நீலகிரிக்கும் தங்கள் தோட்டங்களுக்கும் ஓட்டிச் செல்வது திருப்பூரில் இப்போது சகஜமாகிவிட்டது. அவர்களில் சிலர், அடி தட்டாமல் போகவேண்டும் என்னும் எண்ணத்தினாலும், தெருவில் வண்டி நிமிர்ந்து நிற்கவேண்டும் என்னும் ஆசையினாலும், 'லிப்ட் கிட்' எனப்படும் சாமான்களைப் பட்டறையில் பூட்டி, வண்டியை இரண்டு அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரை உயர்த்திக்கொள்கிறார்கள். அவ்வாறு பணம் செலவழித்து உயர்த்திய வண்டி மறுபடியும் அந்த இட்டேரியில் இறங்குமானால், அதன் டிபரன்ஷியல் முன்போலவே அதே வரப்பில் இடிக்கும். இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால், லிப்ட் கிட் விஷயத்தில் அறியவேண்டியதில் பாதியை அறிந்ததாகும்.

வண்டியின் பாரம் எவ்வழியாகத் தரையை அடைகிறது என்று கவனிப்போம். உடலின் பாரம் சட்டத்தின் மீதும், சட்டத்தின் பாரம் விற்களின் மீதும், விற்களின் பாரம் அச்சின் மீதும், அச்சின் பாரம் டயர்களின் மீதும் இறங்குகிறது. லிப்ட் கிட் தன் வேலையைச் செய்வது அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில்தான். ஆகையால் அதற்கு மேலே இருப்பவை உயருமேயன்றிக் கீழே இருக்கும் அச்சும் டிபரன்ஷியலும் ஒரு மயிரிழைகூட உயருவதில்லை. அவற்றை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் பெருத்தால்தான் அச்சு ஓர் அங்குலம் மேலே போகும். தார் வண்டியில் வரும் 255/65 ஆர் 18 அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர், அதாவது 31 அங்குலம். அதை எடுத்துவிட்டு 33 அங்குல டயரைப் பூட்டினால் அச்சு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் உயரும். அதோடு, வேகங்காட்டி 80 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 85 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், கியர்களின் இழுப்புச் சக்தியும் அதே விகிதத்தில் குறையும். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காகவே பலர் லிப்ட் கிட்டை நாடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

ஆனால் விற்களை உயர்த்துவதனால் பிரயோஜனமே இல்லை என்று கொள்ளலாகாது. செங்குத்தான கரையொன்றில் ஏறத் தொடங்கும்போது முன்பம்பர் இடிக்காதிருப்பதற்கும், இறங்கி முடிக்கும்போது பின்பக்கம் தரையில் மோதாதிருப்பதற்கும், ஒரு திட்டின் மேல் ஏறிக் கடக்கும்போது வயிற்றுப் பாகம் அதன்மேல் உட்கார்ந்துவிடாதிருப்பதற்கும் மூன்று கோணங்கள் காரணமாகின்றன. இம்மூன்றும் லிப்ட் கிட்டினால் அதிகமாகின்றன. முன் பின் அச்சுகளுக்கு இடையே 245 சென்டிமீட்டரும், நடுவயிற்றுக்குக் கீழே 25 சென்டிமீட்டரும் உள்ள ஒரு வண்டி கடக்கக்கூடிய திட்டின் கோணம், எளிய திரிகோண கணிதத்தின்படி, சுமார் 23 பாகை. வயிற்றை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது 27 பாகைக்கு மேல் போகிறது. அதே 25 சென்டிமீட்டர் வயிற்றுயரத்தோடு அச்சுகளின் இடைவெளி மட்டும் 285 சென்டிமீட்டராக நீளுமானால் கோணம் 20 பாகைக்கு இறங்கிவிடும். 5 சென்டிமீட்டர் உயர்த்தினாலும் 24 பாகையைத் தொடுவதில்லை. இந்த இரண்டு நீளங்களும் முறையே மூன்று கதவுத் தாருக்கும், 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்து கதவுத் 'தார் ராக்ஸ்' வண்டிக்கும் உரியவை. எனவே நீளமான வண்டி வாங்கியவர், இரண்டு அங்குல லிப்ட் கிட்டுக்குச் செலவிட்டு அடைவது, குட்டை வண்டிக்காரர் ஒன்றும் செலவிடாமலே பெற்றிருந்த ஆற்றலைத்தான்.

இனி, உயரத்தைக் கொடுக்கும் வில்லைப் பற்றிப் பார்ப்போம். கொங்கு நாட்டில் வசதியுள்ள குடும்பங்கள் ஏறிச் சென்ற வில்வண்டியில், பாரவண்டியில் இல்லாத இரும்புப் பட்டைகள் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே அடுக்கப்பட்டிருந்தன. 1985ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மாருதி ஜிப்ஸி நான்கு சக்கரத்துக்கும் நம்பியிருந்தது அந்தப் பட்டைவில்லையேதான். இழுப்பும் விசையும் ஒன்றுக்கொன்று நேர் விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை 1678ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டவர் இங்கிலாந்து தேசத்து ராபர்ட் ஹூக். சுருள்வில்லில் அந்த விதி செயற்படும் விதத்தை அறிவதற்குத் திருப்பூர்க்காரர்களுக்கு அவர்களுடைய பனியன் துணியே போதும். பின்னல் துணி இழுபடும்போது அதிலுள்ள நூல் நீளுவதில்லை, கண்ணிகள்தாம் உருமாறி இடம்விடுகின்றன. சுருள்வில் அமுங்கும்போதும் கம்பி குறுகுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு முறுக்கிக்கொள்கிறது. நூலின் கவுண்டும் கண்ணியின் நீளமும் துணியின் இழுவையை நிர்ணயிப்பதுபோல, கம்பியின் கனமும் சுற்றுகளின் விட்டமும் எண்ணிக்கையும் வில்லின் விறைப்பை நிர்ணயிக்கின்றன. இவற்றுள் கம்பியின் கனத்துக்கே அதிகாரம் மிகுதி. விறைப்பு அதன் நான்காம் மடங்கைப் பின்பற்றுவதால், 13 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 14 மில்லிமீட்டர் கம்பியில் அதே வடிவில் வில் செய்தால், அது சுமார் 34 சதவீதம் அதிக விறைப்புடையதாகிவிடும். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

உயரத்தைப் பெறுவதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. வண்டியின் பாரத்தினால் ஒரு வில் 16 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நீளமுள்ள விறைப்பான வில்லைப் பூட்டி, 11 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கச் செய்தால் வண்டி 5 சென்டிமீட்டர் உயரும்; அதற்கு விறைப்பை 45 சதவீதம் கூட்டவேண்டும். முன்பு விநாடிக்கு ஒன்றேகால் தடவை அசைந்த வண்டி இப்போது ஒன்றரைத் தடவை அசையும். வெறும் வண்டியாக ஓட்டும்போது ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். மற்ற மார்க்கம், விறைப்பை மாற்றாமல் வில்லின் நீளத்தை மட்டும் 5 சென்டிமீட்டர் கூட்டுவது. அப்போது உயரமும் கிடைக்கும், அசைவின் சுபாவமும் மாறாது. கடையில் இரண்டு கிட்டுகளுக்கும் 'இரண்டு அங்குலம்' என்றே பெயர். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகோ இரண்டும் வெவ்வேறு ஜாதி.

விறைப்பு எப்போதும் குற்றம் என்பதுமில்லை. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும் கட்டிங்குக்கும் துணி ரோல்களை நாள் முழுவதும் சுமந்து திரியும் டெம்போக்களுக்குப் பின்பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதை இவ்வூர்ப் பட்டறைகளில் காணலாம். அந்தப் பட்டை பாரத்தோடு சரியாக நிற்கும், காலியாகத் திரும்பும்போது வண்டியைத் துள்ளவைக்கும். அவ்வாறே, இரும்பு பம்பரும் வின்ச்சும் கூரைக் காரியரும் வண்டியில் நிரந்தரமாக ஏறியிருந்தால் அந்தச் சுமைக்கு ஈடான விறைப்புள்ள வில் அவசியந்தான். அவை இல்லாதவர், அவற்றை எண்ணிச் செய்த வில்லை வாங்குவது வீண். இதில் முன்னும் பின்னும் பொருந்துவதும் முக்கியம். 1930களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் மாரிஸ் ஆலி என்னும் பொறியியல் நிபுணர், இரு நுனிகளிலும் பாரக்கட்டிகளை ஏற்றியும் இறக்கியும் ஓட்டக்கூடிய ஒரு காரைக்கொண்டு பரிசோதித்து, பின்வில் முன்வில்லைவிடச் சற்று விரைவாக அசையுமாறு இருந்தால் பிரயாணம் சுகமாகும் என்று கண்டார். குழியை முன்சக்கரம் முதலில் சந்திக்கிறது. பின்சக்கரம் சிறிது பொறுத்துச் சந்தித்தாலும், விரைவாக அசைந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடுவதால், வண்டி முன்னும் பின்னுமாக ஆடாமல் மட்டமாக அடங்குகிறது. முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கி உயர்த்துபவர்கள் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

வில் அசையும், அந்த அசைவை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள்ளிருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே நெருக்கிப் புகுந்து, அசைவின் சக்தியை உஷ்ணமாக்கிவிடுகிறது. வில்லை நீளமாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைத்தால், ஷாக் தன் முழு நீளத்தை எட்டும் வரையில்தான் சக்கரம் கீழே இறங்க முடியும். ஆகவே மேலே 5 சென்டிமீட்டர் கூடிய ஓட்டம், கீழே 5 சென்டிமீட்டர் குறைந்துபோகிறது. மேடுபள்ளத்தில் சக்கரம் தரையைத் தேடி இறங்குவதல்லவா வேண்டும்? இறங்காமல் அந்தரத்தில் நின்றால், சாதாரண டிபரன்ஷியல் எஞ்சினின் சக்தியை அந்தச் சக்கரத்திலே வீணாகச் சுழலவிட்டுவிடும். வில்லின் தலையில் 'ஸ்பேசர்' என்னும் வளையத்தை வைத்து உயர்த்தும் மலிவான முறையிலும் இதே குறை உண்டு. அன்றியும், சக்கரம் முழுதும் மேலே ஏறும்போது, வளையத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்கு வில் கூடுதலாக நசுங்கவேண்டும். சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் அதிர்ச்சி நேரே சட்டத்தைத் தாக்கும்.

ராபர்ட் ஹூக்கின் பெயர் இந்த விஷயத்தில் இரண்டாம் முறையும் வருகிறது. கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் இரு முனைகளிலும், நம் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் மூட்டு இருக்கிறதே, அதை 1676ஆம் ஆண்டில் எழுதி விளக்கியவரும் அவரே. இன்றும் பொறியியல் நூல்களில் அதற்கு ஹூக் மூட்டு என்று பெயர். கோணத்தில் வளைந்து சுழலும்போது அந்த மூட்டு சீராகச் சுழற்சியைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடியும் குறைந்தும் போகிறது. வளைவு 10 பாகையானால் இந்த ஏற்ற இறக்கம் இருபக்கமும் ஒன்றரை சதவீதம். 20 பாகையானால் 6 சதவீதம். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் கோணலை மற்றொன்று திருத்திவிடும். வண்டியை உயர்த்தும்போது கோணம் பெருகுகிறது. தண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு அதிகமாகப் பெருகுகிறது. 75 சென்டிமீட்டர் தண்டில் 5 சென்டிமீட்டர் உயர்வு ஏறக்குறைய 4 பாகையைச் சேர்த்துவிடும். அத்தோடு அச்சும் சற்றுத் திரும்பிக்கொண்டால் இரு முனைக் கோணங்களின் சமத்துவம் கெட்டு, குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் உறுமி அதிரத் தொடங்கும்; கிராஸ் விரைவில் தேய்ந்துபோகும்.

மற்ற உறுப்புகளின் கதி, வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. பட்டைவில்லுள்ள பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும், அச்சுக்குக் கீழிருக்கும் பட்டையை மேலே தூக்கிக் கட்டினால் நான்கைந்து அங்குலம் ஒரே தாவலில் கிடைக்கும். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அச்சு பட்டையை முறுக்க முயலும். 2023ஆம் ஆண்டில் வந்த ஐந்து கதவு ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு அச்சுகள் சுருள்வில்லின் மேல் இருக்கின்றன; அதை உயர்த்தினால், அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் தண்டு வில்லாக வளைந்த பாதையில் ஆடுவதால், அச்சு முழுவதும் ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகரும். முன்சக்கரங்களின் சாய்வும் குறைந்து, ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணத்தை இழக்கும். 2020ஆம் ஆண்டிலிருந்து வரும் தாரிலோ முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசைபவை. உயர்த்தினால் சக்கரத்தைச் சுழற்றும் மூட்டுகளும் பந்து மூட்டுகளும் எந்நேரமும் எல்லைக் கோணத்துக்கு அருகிலே வேலை செய்யவேண்டியதாகும். ஒரு வண்டிக்கு உகந்த நான்கு அங்குலம் மற்றொரு வண்டிக்கு உகாது என்பதற்கு இதுவே காரணம். பிரேக் குழாய்களின் நீளமும் சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் போதுமா என்று பார்க்காமல் விடலாகாது.

பாரமையத்தையும் மறக்கக்கூடாது. இடது வலது டயர்களுக்கு நடுவே 150 சென்டிமீட்டரும், பாரமையத்தின் உயரம் 75 சென்டிமீட்டரும் உள்ள வண்டியை, அசையாமல் நிற்கும் நிலையில், 45 பாகை சரிவு வரையில் சாய்த்தால்தான் அது உருளும் என்று கணக்குச் சொல்கிறது. நான்கு அங்குல லிப்டினால் பாரமையம் 8 சென்டிமீட்டர் உயருமானால், அது 42 பாகையாகிறது. இந்த மூன்று பாகை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வளைவில் திரும்பும்போது வண்டியைக் கவிழ்க்கப் போதுமான பக்கவிசை பத்து சதவீதம் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தடம் இல்லாத இடத்துக்கென்று உயர்த்திய வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியை இத்தகைய தார்ப்பாதைகளில்தான் கழிக்கிறது.

அரசாங்கச் சட்டத்தின் நிலையையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் ஆதியில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆகையால் சாமான் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் விசாரித்துக்கொள்வது விவேகம். உயர்ந்த வண்டி என்பதற்காக ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் எவருக்கும் பாதை திறந்துவிடுவதுமில்லை.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு தேர்ந்தெடுக்கப் புகுபவர், கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய எளிய பரிசோதனை ஒன்றுண்டு. டிபரன்ஷியல், வயிற்றுப் பாகம், பம்பர்களின் அடிப்புறம் ஆகியவற்றில் கெட்டியான சுண்ணாம்புக் குழம்பைப் பூசி உலரவிட்டு, வழக்கமாகத் தாம் போகும் கரடுமுரடான பாதையில் ஒரு தடவை போய்வந்து, எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கவேண்டும். டிபரன்ஷியலில் உரிந்திருந்தால் அவருக்கு வேண்டியது டயர். வயிற்றிலோ பம்பரிலோ உரிந்திருந்தால் வில். எங்கும் உரியாமலே வண்டி நின்றுபோயிற்று என்றால், சக்கரம் அந்தரத்தில் சுழன்றிருக்கும், அல்லது ஐப்பசி மழையில் நனைந்த உடுமலைப் பக்கத்துக் கரிசல் டயரின் பள்ளங்களை அடைத்திருக்கும். அதற்கு டிபரன்ஷியல் லாக்கும் மண்ணுக்கேற்ற டயரும் மருந்தேயன்றி உயரம் மருந்தாகாது. பின்பு நான்கு சக்கரங்களிலும் நடுக்குடத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள தூரத்தை இஞ்ச் டேப்பினால் அளந்து, வழக்கமான ஆட்களும் சாமான்களும் ஏறிய நிலையில் மறுபடியும் அளந்து குறித்துக்கொண்டால், எவ்வளவு பாரத்துக்கு வில் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து, தேனி மாவட்ட எல்லையில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7000 அடி உயரத்திலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, பாறைகள் பெயர்ந்து கிடக்கும் பாதையில் விடியுமுன் பிரயாணிகளை ஏற்றிச் செல்பவை, பெரும்பாலும் பட்டைவில் பூட்டிய மகேந்திரா ஜீப்புகளே. கீழ்க்கியரும், பாதையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த சாரதியும் அங்கே செய்யும் காரியத்தைக் கண்டவர்களுக்கு, நம் இட்டேரிகளுக்கும் தோட்டத்துப் பாதைகளுக்கும் நல்ல டயரும் அடித்தகடும் போதும் என்பது எளிதில் விளங்கும். அதற்கு மேலும் வயிறு தட்டுகிறவர், விறைப்பு மாறாத நீளமான வில்லையும் அதற்கேற்ற நீளமுள்ள ஷாக்கையும் சேர்த்து, இரண்டு அங்குலத்துக்குள் நிறுத்திக்கொண்டு, பூட்டிய பின் வீல் அலைன்மெண்டையும் முகவிளக்கின் சாய்வையும் சரிசெய்துகொள்ளலாம். அதையும் தாண்ட விரும்புகிறவர், தண்டும் தாங்குகரங்களும் பிரேக் குழாயும் மாற்றுவதற்கான செலவைச் சேர்த்துத்தான் விலை பேசவேண்டும். இந்த வில்லின் விறைப்பு எவ்வளவு, எத்தனை கிலோ பாரத்துக்குச் செய்தது, ஷாக் விரிந்தும் சுருங்கியும் எவ்வளவு நீளம் என்னும் கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். விடையாக அங்குலக் கணக்கை மட்டும் திருப்பிச் சொல்லும் கடையில் ஒன்றும் வாங்காமல் வருவதே லாபம்.